பச்சை லைட்டு எரிஞ்சுச்சு, பேட்டரி செத்துப்போச்சு

முல்லைப்பூ விலையைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன். அது அடுத்த தடவை. இன்னைக்கு ஒரு பேட்டரி கதை.

எங்க வேதாரண்யம் பக்கம் மணல் கொல்லையும் கடலும் பக்கத்துப் பக்கத்துல. என்கூடப் பத்தாவது வரைக்கும் படிச்ச கூட்டாளி ஒருத்தன் ஃபைபர் படகு வச்சிருக்கான். மத்தியானம் புறப்பட்டா மறுநாள் காலையிலதான் கரை. படகுல 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு, 50 வாட் சோலார் பேனல் ஒண்ணு. லைட்டு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ், நாலு பேரோட செல்போன் எல்லாம் அதை நம்பித்தான்.

போன மாசம் ஒரு ராத்திரி, வலை விட்டுட்டுக் காத்திருந்தப்ப லைட்டு மங்கி மங்கி அணைஞ்சிருக்கு. கொஞ்ச நேரத்துல ஜி.பி.எஸ்.ஸும் நின்னுடுச்சு. லைட்டு இல்லாத சின்னப் படகு பெரிய படகுக்காரன் கண்ணுக்குத் தெரியாது. எங்க கடல்ல எல்லைக்கோடும் கிட்டத்துலதான். நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளிட்டுப் போகுதுன்னே புரியாம, செல்போன் டார்ச்சை மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருக்காங்க. கரைக்கு வந்ததும் நேரா என் கொல்லைக்கு வந்துட்டான்.

"பகல் பூரா பச்சை லைட்டு எரிஞ்சுதேடா, அப்புறம் எப்படித் தீர்ந்துச்சு?"

என்கிட்ட வந்ததுக்குக் காரணம் இருக்கு. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல கரண்ட் கம்பமெல்லாம் சாய்ஞ்சு நாள்கணக்கா இருட்டுல கிடந்தோம். அதுக்கப்புறம் வீட்டுக்கு சோலாரும் பேட்டரியும் வாங்கினேன். ரெண்டு வருஷம்கூட ஆகல, அந்த பேட்டரியை நானே கொன்னுட்டேன். தினமும் ஒட்ட ஒட்ட எடுத்தேன், தண்ணி ஊத்துறதே இல்ல. காசு போன வருத்தத்துலதான் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கத்துக்கிட்டேன்.

அவன்கிட்ட முதல்ல இதைத்தான் சொன்னேன். பச்சை லைட்டு எரிஞ்சா பேனல்ல இருந்து ஏதோ வருதுன்னு அர்த்தம். எவ்வளவு சேர்ந்திருக்குன்னு அது சொல்லாது. கேணி மாதிரி நெனச்சுக்க. இறைக்கும்போது மட்டம் எறங்கும், ஓயவிட்டா ஏறும். இறைக்கும்போது பாத்து கேணி வத்திப்போச்சுன்னு சொல்லுவோமா? பேட்டரியும் அப்படித்தான். லைட்டு எரியும்போது அளந்தா கம்மியா காட்டும். வெயில்ல சார்ஜ் ஏறும்போது அளந்தா நெறஞ்ச மாதிரி காட்டி ஏமாத்தும். எல்லாத்தையும் அணைச்சு, பேனல் மேல தார்ப்பாயைப் போட்டு மூடி, ரெண்டு மணி நேரம் ஓயவிட்டு அளக்கணும். 12.7 இருந்தா நெறஞ்சிருக்கு. 12.2 இருந்தா பாதி. அதுக்குக் கீழ அடிக்கடி எறக்கினா ஆயுசு போயிடும்.

அப்படி ஓயவிட்டு அவன் பேட்டரியை அளந்தேன். 11.6.

மூடியைத் திறந்தா ரெண்டு அறையில தண்ணி தகட்டுக்குக் கீழ போயிருக்கு. முனையில உப்பு பூத்த மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. பேனலைப் பாத்தா அதுக்கு மேல பாதி வலை! காலையில மீனைப் பிரிச்சதும் வலையை அங்கேயே குவிச்சுடுறாங்க. பேனலுக்குள்ள இருக்குற செல்லெல்லாம் சங்கிலி மாதிரி தொடர்ந்து இணைச்சது. ஒரு ஓரத்துல நெழல் விழுந்தாலே வரவு ரொம்பக் கொறஞ்சுடும். ஆனா பச்சை லைட்டு மட்டும் எரியும்.

"இதைவிடப் பெரிய பேட்டரியா வாங்கிடறேன்"னான். கடன் வாங்கவும் தயாரா இருந்தான். ஊத்து ஊறாம கேணியை மட்டும் அகலமா வெட்டி என்னடா பண்ணப்போறேன்னு கேட்டேன்.

தகடு முங்குற அளவு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, கடையில குடுத்து ஒரு நாள் பூரா சார்ஜ் போட்டோம். அதுக்கப்புறம் குறி வரைக்கும் தண்ணியை நெரப்பினோம். ஆசிட் ஊத்தக் கூடாது. கொறையுறது தண்ணிதான். முனையை சோடா உப்புத் தண்ணியில கழுவித் தொடைச்சு வாசலின் தடவினேன். சார்ஜ் ஏறும்போது கிளம்புற வாயு தீப்பிடிக்கும், பக்கத்துல பீடி பத்தவைக்காதேன்னும் சொன்னேன். இவ்வளவு பண்ணியும் பழைய பேட்டரி தேறல. ஒரு ராத்திரி ஓட்டத்துலயே மறுபடி 11.8க்கு வந்துடுச்சு. அதே அளவுல புதுசு ஒண்ணு வாங்கினான். பெருசு வாங்கல.

இப்ப வலையைக் கரையில எறக்கிடுறாங்க. பேனலை தினமும் நல்ல தண்ணியில தொடைக்கிறாங்க, கடல் உப்பு படியுது பாருங்க. அவன் மகன் ஒரு நோட்டுல தேதி போட்டு அளவை எழுதுறான். போன வாரம் ஒரு நாள் 12.1 காட்டியிருக்கு. அன்னைக்கு வானம் மூட்டம். பெரிய லைட்டையும் செல்போன் சார்ஜையும் நிறுத்திட்டு, சின்ன லைட்டும் ஜி.பி.எஸ்.ஸும் மட்டும் வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே வலை விட்டுட்டுத் திரும்பிட்டாங்க. மீன் கம்மிதான். பரவாயில்லன்னான்.

விடியக்காலையில நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு முல்லை பறிக்கும்போது கடல் பக்கம் பாப்பேன். அங்கேருந்து அவன் லைட்டு தெரியாது. எரியும்ங்கிற நெனப்பு இப்ப இருக்கு.

உங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலயும் பச்சை லைட்டு எரியும். தண்ணி ஊத்துற பேட்டரின்னா, இந்த ஞாயித்துக்கிழமை அந்த மட்டத்தை ஒரு தடவை பாத்துடுங்க.