எர்த் எங்கே பிடிக்கும்?

பெயிண்ட் வேலை முடிந்து எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வண்டி மாதிரி இல்லையே" என்றார். உள்ளே உட்காரவில்லை. பதினான்கு மாதம், என் சேமிப்பில் பாதி. எனக்குச் சுருக்கென்றது.

அம்பாசடர் கல்கத்தாப் பக்கத்து வண்டி, பத்மினி பம்பாய் வண்டி. ஹெரால்டுதான் மெட்ராஸ் வண்டி. இங்கிலாந்தில் 1959இல் வந்தது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இங்கேயே, வண்டலூர்ப் பக்கம் தயாரித்தது. எங்களுடையது நான்கு கதவு வைத்த மார்க் 3. தாத்தா வாங்கி, அப்பா ஓட்டியது. கம்பெனி மூடிப் பல காலம் ஆகிவிட்டது.

புதுப்பித்த வண்டியில் பெரிய கோளாறு வருவதில்லை. சின்னச் சின்னதாகத்தான் உயிரை வாங்கும். பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நின்றது. மழை பெய்தால் கால்மிதியில் தண்ணீர். இதையெல்லாம் ஒவ்வொரு ஞாயிறாகச் சரிசெய்தேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை: பிரேக்கை மிதித்தால் இடதுபக்க இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது.

ஜி.பி. ரோட்டில் புது பிளாஷர் வாங்கினேன். புதுப்பேட்டையில் பழைய விளக்கு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஒயரிங் படத்தை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, ஆபீஸில் பக் தேடுவது மாதிரி, ஒவ்வொரு ஒயராக மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லா ஒயரும் சரி. ஆனாலும் எரிந்தது.

மூன்றாவது ஞாயிறு, மயிலாப்பூர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "பெயிண்ட் அடிச்சிட்டியே, எர்த் எங்கடா பிடிக்கும்?"

ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பாட்டரியிலிருந்து விளக்குக்கு ஒயர் போகிறது; திரும்பி வர ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பேதான் திரும்பி வரும் வழி. விளக்கின் அடித்தகடு வெறும் இரும்பைத் தொட வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் பிரேக் விளக்கின் கரண்ட் வேறு வழி தேடி, இண்டிகேட்டர் பல்பு வழியாகச் சுற்றிப் போகும். நான் ஒயர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த இடம்ப்பா?"

"லைட்டைக் கழட்டு. மேல் ஸ்குரூ பக்கம். எண்பத்திரண்டுல நானே பிளேடால சுரண்டி வச்சிருந்தேனே."

கழற்றினேன். சுரண்டலே இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று க்ரீம் கலர். பெயிண்டர் போனில் கேட்டது ஞாபகம் வந்தது: "லைட்டுக்குப் பின்னாடி பழைய கீறல் இருக்கு சார், பட்டி பார்த்துடவா?" எல்லாக் கீறலையும் மூடிவிடச் சொன்னவன் நான்தான்.

உப்புத்தாளை எடுத்தேன். அவ்வளவு செலவழித்த பெயிண்டில் கை வைக்க மனசு வரவில்லை. "அழுத்தித் தேய்" என்றார் அப்பா. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். மாட்டிவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். "எரியுது" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "இண்டிகேட்டர் எரியல."

அன்று சாயங்காலம் அவரே கதவைத் திறந்து உட்கார்ந்தார். திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு வரை போனோம். வழியெல்லாம் கியர் மாற்றச் சொல்லித் தந்துகொண்டே வந்தார்.

திரும்பியதும் சொன்னார்: "அங்க கொஞ்சம் கிரீஸ் தடவு. இந்த உப்புக்காத்துக்குத் துரு ஏறிடும். வருஷா வருஷம் கழட்டிச் சுரண்டணும்."

அடுத்த வருஷத்துக்கு நினைவூட்டல் போட போனை எடுத்தேன்.

"அதெல்லாம் எதுக்கு? நானே சொல்றேன்" என்றார்.

போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டேன்.