பக்கவாட்டில் இறங்கிய கப்பலும் போடிமெட்டு ஜீப்பும்

1/ நேத்து டூட்டி முடிஞ்சு வந்து, புதுசா கட்டின கப்பலைப் பக்கவாட்டுல தண்ணிக்குள்ள இறக்குற வீடியோ ஒண்ணு பார்த்தேன். போடிக்கும் கப்பலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. எனக்கு ஒரு அம்மா ஞாபகம் வந்துட்டாங்க. சொல்றேன்.

2/ பொதுவாகக் கப்பலை நீளவாக்கில், பின்பக்கம் முதலில் போகும்படி இறக்குவார்கள். எதிரே இருக்கும் ஆறோ கால்வாயோ குறுகலாக இருந்தால் அது முடியாது. அதனால் கரைக்கு இணையாகக் கட்டி, வழுக்கும் சரிவில் பக்கவாட்டாகச் சறுக்க விடுவார்கள். நெதர்லாந்துக் கால்வாய்க் கரைகளில் இது சகஜம்.

3/ இதுல முக்கியமான விஷயம்: ரெண்டு முனையும் ஒண்ணா கிளம்பணும். ஒண்ணு முந்தினா கப்பல் கோணிக்கும்.

4/ 1857 நவம்பர் 3, லண்டன் தேம்ஸ் கரை. புரூனெல் வடிவமைத்த 692 அடி நீள 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலைப் பக்கவாட்டில் இறக்கப் பார்த்தார்கள். சில அடி நகர்ந்ததுமே வின்ச் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று தொழிலாளர்களைத் தூக்கி எறிந்தது. அப்புறம் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, 1858 ஜனவரி 31-ல்தான் மிதக்க விட்டார்கள். பின்னாளில் பம்பாய்க்கும் ஏடனுக்கும் நடுவே கடலடித் தந்திக் கேபிள் போட்டது இதே கப்பல்தான்.

5/ இப்ப அந்த அம்மா. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போன ஜீப், மெட்டு ரோட்டு வளைவுல கவிழ்ந்துடுச்சு. ஓடி வந்தவங்க நல்ல மனசோட, ரெண்டு பேர் கையையும் ரெண்டு பேர் காலையும் பிடிச்சுத் தூக்கி, இன்னொரு ஜீப்ல உட்கார வச்சுக் கொண்டு வந்தாங்க.

6/ "விழுந்தப்ப கால் அசைஞ்சுச்சு சார், இப்ப இருக்குறதே தெரியல"ன்னாங்க. தூக்கினதாலதான் இப்படி ஆச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அடிபட்ட தண்டுவடம் தானாவே வீங்கியும் மோசமாகலாம். ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

7/ முதுகெலும்பு உடைந்தவரை நாங்கள் திருப்புவதும் அந்தக் கப்பல் கணக்குதான். பெயர் 'லாக் ரோல்'. ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிப்பார். மூன்று பேர் ஒரே பக்கம் நின்று தோள், இடுப்பு, கால் பிடிப்பார்கள். தலை பிடித்தவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்னதும் உடம்பு முழுக்க ஒரே கட்டையாகத் திரும்பணும். ஐந்தாவது ஆள் பலகையை அடியில் தள்ளுவார்.

8/ நீங்க செய்ய வேண்டியது: தீ, மேல வண்டி வர்ற ஆபத்து, மூச்சு இல்லாத நிலை இதெல்லாம் இல்லாட்டி அவரை நகர்த்தாதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க. தலையை அசையாம பிடிச்சுக்கோங்க. வாந்தி எடுத்தா மட்டும், எல்லாரும் சேர்ந்து ஒண்ணா பக்கவாட்டுல திருப்புங்க. உட்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க.

9/ மலைக்கு ஜீப் ஓட்டுற அண்ணன்மார் யாராவது தெரிஞ்சா இதை அனுப்பி வைங்க. அங்க முதல்ல போய் நிக்கிறது அவங்கதான், நாங்க இல்ல.