இரண்டு நிமிஷ வெண்டைக்காய்

திருவையாறு பக்கத்துப் படுகைக் கொல்லையில் பறித்த வெண்டைக்காய் காலையில் வாசலுக்கு வந்தால், அந்த வீட்டு அம்மா முதலில் நுனியை ஒடித்துப் பார்ப்பார். படக்கென்று ஒடிந்தால்தான் வாங்குவார். வளைந்தால் கூடைக்காரி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வாங்கிய பிறகும் சட்டதிட்டங்கள் உண்டு. கழுவின காயை ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க வேண்டும். ஈரம் போன பிறகே அரிவாள்மணை. வதங்கும்வரை வாணலியை மூடக்கூடாது, உப்பு கடைசியில்தான். மோர்க்குழம்புக்குப் போடுவதானாலும் முதலில் எண்ணெயில் வதக்கியாக வேண்டும். அப்படியும் கொழகொழத்தால் கொஞ்சம் புளித்த மோரோ புளித்தண்ணீரோ தெளிப்பார். வெண்டைக்காய்ப் பசை தண்ணீர் பட்டால் பெருகும். புளிப்பும் உலர்ந்த சூடும் அதை அடக்கும். மாமியாரிடம் வசவு வாங்கிக் கற்ற பாடம் அது.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து, ஆற்றில் முதல் தண்ணீர் வந்து சேர்ந்த வாரம் சிங்கப்பூர் மகன் குடும்பத்தோடு வந்தான். அங்கே அப்போது பள்ளி விடுமுறை. மருமகள் சிங்கப்பூர்ச் சீனப்பெண். ஒன்பது வருஷம் முன்பு நடந்த கல்யாணத்துக்கு அம்மா போகவில்லை. முட்டிவலி என்று சொல்லிவிட்டார். முட்டி அப்போது நன்றாகத்தான் இருந்தது.

ஏழு வயதுப் பேத்தி மூன்று நாளாகத் தயிர்ச்சோறும் அப்பளமும்தான் சாப்பிட்டாள். வெண்டைக்காய்க் கறியை நாக்கில் வைத்துவிட்டு, "காரம்" என்று தண்ணீர் கேட்டாள்.

"வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும்டி, கண்ணு."

"எனக்குக் கணக்கு வருதே பாட்டி!"

பாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கைச்சமையல் பிள்ளைக்கு இறங்கவில்லையே என்று அன்று ராத்திரி அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் காலையில் மருமகள் அடுப்பைக் காட்டி, "அத்தை, நான்?" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அம்மா நகர்ந்து நிலைப்படியில் நின்றுகொண்டார்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கொஞ்சம் உப்பு, நாலு சொட்டு எண்ணெய். நறுக்காமல், காம்பைக்கூட லேசாகச் சீவிவிட்டு, முழுக்காயை அப்படியே உள்ளே போட்டாள்.

"தண்ணியிலயா போடுறா? கூழாப் போயிடுமேடா!"

"சும்மா பாரும்மா" என்றான் மகன்.

இரண்டே நிமிஷம். எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டாள். காய் பச்சைப்பசேலென்று நின்றது. நறுக்கினால்தானே பசை ஓடும்? உள்ளே இருப்பதைச் சீனச் சமையலில் குற்றமாக நினைப்பதில்லை. அந்த வழவழப்புக்காகவே விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. சிங்கப்பூர், மலேசியச் சீனர்கள் இதை ஆட்டுக்கொம்பு அவரை என்று சொல்வார்கள். காயைக் கீறி மீன் விழுதை அடைத்துச் சமைக்கும் ஹக்கா சீனர்களின் 'யோங் தாவ் ஃபூ' அங்கே கடைக்குக் கடை கிடைக்கும்.

பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, எண்ணெயோடு காயின்மேல் ஊற்றி, ஊரிலிருந்து கொண்டுவந்த சோயா சாஸைச் சுற்றிவிட்டாள். கடைசியில் நல்லெண்ணெயை மோந்து பார்த்துத் திகைத்தாள். அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுவார்கள். கறுத்து, மணம் தூக்கும், சில சொட்டுப் போதும். செக்கு நல்லெண்ணெய் அவளுக்கு வேறு ஏதோ எண்ணெய்போல இருந்தது. இருந்தாலும் ஒரு கரண்டி விட்டாள். கேட்கப்போனால், வாணலிக்குத் தமிழிலேயே சீனச்சட்டி என்று ஒரு பேர் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இந்தக் காயை யார் சொந்தம் கொண்டாடுவது?

பேத்தி ஒன்பது காய் தின்றாள். பாட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

அம்மாவும் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஆயுசு முழுக்க விரட்டிய கொழகொழப்பு வாய்க்குள். மெதுவாக மென்றார். "உப்பு தூக்கல்" என்றார். பிறகு இன்னொன்றை எடுத்தார். அவருடைய மாமனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலேயா போய்த் திரும்பியவர். 'அங்க சீனங்க வெண்டைக்காய அவிச்சே திங்கிறாங்க' என்று அவர் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை.

மறுநாள் அம்மா மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, துணியைக் கையில் கொடுத்துக் காய் துடைக்கச் சொன்னார். அன்று மோர்க்குழம்பு. மிளகாய் ஒன்றே ஒன்று.

கிளம்பும் நாளில் மகனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தக் கறுப்புச் சாஸ் பாட்டில இங்கயே வச்சுட்டுப் போகச் சொல்லுடா."

"சரிம்மா."

"பாஸ்போர்ட்டு எடுக்க எத்தன நாளாகும்?"