அக்காவுக்குக் கொடுத்த கோப்பி

எம் தமக்கையாருக்குக் கபச்சுரப்பியிலே கட்டி என்று வைத்தியர் கூறியபோது, அச்சுரப்பி எங்குள்ளதென்பதையே நாம் நூலைப் புரட்டித்தான் அறிந்தோம். (சரித்திரம் படிப்பிப்பவருக்கு உடலியல் வெகு தூரம்!) மூளையின் அடியிலே கடலை மணியளவாய் இருந்துகொண்டு, ஏனைய சுரப்பிகள் பலவற்றை ஏவல் கொள்வது அது.

2009ஆம் ஆண்டு, சத்திரசிகிச்சைக்கு முன்னர், சுரப்பியைத் தூண்டும் மருந்தை நாளத்தில் ஏற்றி, ஓமோன் எவ்வளவு சுரக்கின்றதென்று குருதி எடுத்துப் பார்த்தனர். வீடு திரும்பிய மாலையில், "தம்பி, தலை வெடிக்குமாப் போல கிடக்குது" என்றார். காலையில் உண்ணாதிருந்த களைப்பென்று எண்ணிக் கோப்பி கொடுத்துப் படுக்கச் சொன்னோம். வாந்தி எடுத்தார், அப்பொழுதும் நாம் அசையவில்லை. "நீ இரண்டாய்த் தெரியிறாய்" என்ற பின்னரே நிமிர்ந்து பார்த்தோம். இடக்கண் இமை சரிந்திருந்தது.

அவ்விரவே வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். கட்டிக்குள் குருதி கசிந்து வீங்கி, அயலிலுள்ள கண் நரம்புகளை நெருக்கியதாம். இது தானாகவும் வரும். பெரிய கட்டியுடையோருக்கு இத்தகைய சோதனையின் பின் மிக அரிதாகவும் வரும். மருந்தினால் குருதியமுக்கம் ஏறுவதாலோ, நாளங்கள் சுருங்குவதாலோ என்று பலவாறு கருதுகின்றனர். அதற்காகச் சோதனையே தீதென்று நாம் சொல்லமாட்டோம். முதலில் கோட்டிசோன் இனத்து ஊசி ஏற்றி, பின்னர் மூக்கின் வழியாகக் கட்டியை அகற்றினர்.

இமை எழச் சில வாரங்கள் சென்றன. கோப்பிக் கதையை உறவினர் வரும்போதெல்லாம் அக்கா சொல்லிச் சிரிக்கிறார். எமக்கு இன்னமும் சிரிப்பு வருவதில்லை.