கியர் போட்டால் நிற்கும் எஞ்சின்

நம் பங்குக் கோவிலின் பின்புறம், தென்னைகளின் நிழலில், இருநூறு லிட்டர் கொள்ளும் இரும்புப் பீப்பாய் ஒன்று உண்டு. மழைநீர் பிடிப்பதற்கென்று வாங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, அப்பீப்பாயின் விளிம்பில் ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சின் மாட்டப்பட்டிருந்தது. அருகே ஒரு பெரியவரும் அவருடைய பேரனும் நின்றனர். குமரிக் கரையில் ஞாயிறன்று எவரும் கடலுக்குச் செல்வதில்லை என்பதை வாசகர் அறிவர். வலை பொத்துவதும் எஞ்சின் பார்ப்பதும் அன்றைக்குத்தான்.

"நியூட்டிரலில் நல்லா ஓடுது சாமி. கியர் போட்டா நின்னு போவுது" என்றார் பெரியவர்.

பட்டணத்து மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் திறந்தும் பாராமல், கிராங்க் போய்விட்டது, புதிது வாங்குவதே மேல் என்று கூறி அனுப்பியிருந்தார். வீட்டில் மிஞ்சியிருந்த நகையை அடகு வைக்க அன்றே ஏற்பாடாகியிருந்தது. அதற்குமுன் நம்மிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று வந்திருக்கிறார்கள். நாம் வலைக்காரர் வீட்டுப் பிள்ளை. 1980-களில் நம் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பரவத் தொடங்கிய நாளில், பாய் சுருட்டி வைக்கப்பட்டதையும், மண்ணெண்ணெய்ப் புகை முதன்முதல் கடற்கரையில் மணத்ததையும் கண்ட தலைமுறை. அந்நாளில் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருவான பியேர் ஜிலே அவர்கள் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டிவந்தார். குருவானவர் ஒருவர் உளியும் அளவுகோலும் பிடிக்கலாம் என்று சிறுவனாகிய நமக்குத் தோன்றியது அவரைப் பற்றிக் கேட்டே. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்றபோதும் அந்த ஆசை நம்மை விட்டுப் போகவில்லை. ஆசை மட்டுமே இருந்தது என்பதை இனி வரும் செய்தி காட்டும்.

கயிற்றை இருமுறை இழுத்ததும் எஞ்சின் எழுந்தது. சற்றே நடுக்கம் இருந்தது. முதுமையின் நடுக்கம் என்று கொண்டோம். கியரை முன்னுக்குத் தள்ளினோம். இருமி அணைந்தது. உடனே திருப்புளியை எடுத்து, மெல்லோட்ட வேகத்தைக் கூட்டும் திருகாணியைச் சற்று உள்ளே முடுக்கினோம். மறுமுறை கியர் போட்டதும் 'டக்' என்ற ஓசையோடு கியர் விழுந்தது, எஞ்சின் நிற்கவில்லை. பீப்பாய் நீர் கொந்தளித்து நம் வெள்ளை அங்கியை நனைத்தது. பெரியவர் கைகூப்பினார். நாமும் பெருமிதத்தோடு காலை உணவுக்குச் சென்றோம்.

திங்கள் நண்பகல், கோவில்பிள்ளை ஓடிவந்தார்.

நம் ஊருக்குத் துறைமுகம் இல்லை. வெளியிலிருந்து வரும் வள்ளம் அலை மடியும் இடத்திற்கு அப்பால் எஞ்சினை மெல்ல ஓடவிட்டுக் காத்திருக்கும். பெரிய அலைகள் போய் ஓய்வு விழும் நேரம் பார்த்து, கியர் போட்டு, ஒரே மூச்சில் கரையேறும். வைகாசிக் கடைசியில் அந்த ஓய்வு மிகக் குறுகியது. பெரியவரும் பேரனும் காத்திருந்து கியர் போட்ட அக்கணத்தில் எஞ்சின் நின்றிருக்கிறது. கயிற்றை இருமுறை இழுக்கும் நேரமே கிடைத்தது. அடுத்த அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிட்டது. வலை போயிற்று. பதினேழு வயதுப் பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் அவன் தாயைக் கண்டோம். அவள் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்கு இலகுவாக இருந்திருக்கும். பெரியவர்தாம் நம்மை வெளியே அழைத்துச் சென்று, "எலும்பு கூடிரும் சாமி. எஞ்சினுக்குள்ள உப்புத் தண்ணி கிடக்கு, அது இன்னைக்கே பாக்கணும்" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் சரி. கடலில் மூழ்கிய எஞ்சினை நீருக்கு மேலே எடுத்த நேரம் முதற்கொண்டே கேடு விரைகிறது. உப்போடு காற்றும் சேர்ந்ததும் துரு பற்றிக்கொள்ளும். அன்றிரவே மூடியைக் கழற்றி நன்னீரால் கழுவினோம். பிளக்குகளை எடுத்துவிட்டு, துளைகள் கீழ்நோக்கும்படி சாய்த்து, கயிற்றை மெல்ல மெல்ல இழுத்து உள்ளே இருந்த நீரை வடித்தோம். பிறகு ஆயில் ஊற்றி மீண்டும் சுற்றினோம். ஓடிக்கொண்டிருக்கையிலேயே மூழ்கியிருப்பின் சிலிண்டருக்குள் நீர் புகுந்து, நீரை அழுத்த இயலாத பிஸ்டன் தன் தண்டை வளைத்திருக்கும். முன்னரே நின்றுவிட்டதால் தப்பியது. வள்ளத்தைக் கவிழ்த்த கோளாறே எஞ்சினைக் காத்தது என்க. இரவு பத்து மணியளவில் அது எழுந்தது. கியர் போட்டோம். நின்றது.

திருப்புளியை மீண்டும் எடுத்தோம். பெரியவர் அதை நம் கையிலிருந்து மெல்ல வாங்கித் தம் மடியில் செருகிக்கொண்டார்.

மறுநாள் தொடங்கி மூன்று நாட்கள் இருவரும் அமர்ந்து பார்த்தோம். முன்னரே யோசித்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நியூட்டிரலில் எஞ்சினுக்குத் தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதைத் தவிர வேலை இல்லை. கியர் விழுந்ததும் அடியிலுள்ள புரொப்பெல்லர் நீரைத் தள்ள வேண்டும். நீரோ காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆதலால் நியூட்டிரலில் நன்றாக ஓடுகிறது என்பது எதற்கும் சான்றன்று. பீப்பாயில் ஓடியதும் சான்றன்று. அச்சிறு பீப்பாயில் புகைக்குமிழும் நுரையுமாகச் சுழலும் நீர், கடல்நீரைப்போல் புரொப்பெல்லரை எதிர்ப்பதில்லை. நாம் மெல்லோட்டத்தைக் கூட்டியதால் அந்த இலேசான சுமையை எஞ்சின் தாங்கியது. அலைமுன் உண்மையான சுமை வந்தபோது தாங்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த 'டக்' ஓசை நன்மைக்குரியதன்று. வேகம் மிகுந்திருக்கையில் கியர் போட்டால் கியரின் பற்கள் முனை மழுங்கிப்போம்.

சுமையே மிகையாகிவிட்டதோ என்று முதலில் அடிப்பகுதியைப் பார்த்தோம். புரொப்பெல்லரைக் கழற்றியபோது, அச்சைச் சுற்றித் தங்கூஸ் நூல் இறுகிக் கிடந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்றே மகிழ்ந்தோம். கியர் ஆயிலும் பால்போல் வெளுத்திருந்தது. நூல் அறுத்த சீல் வழியே நீர் இறங்கியிருக்கிறது. சீலையும் ஆயிலையும் மாற்றினோம். பிளக்குகளை எடுத்துவிட்டுக் கியரில் வைத்துக் கையால் சுழற்ற, அச்சு தடையின்றிச் சுழன்றது. ஆனால் எஞ்சின் முன்போலவே நின்றது. ஒரு கோளாறு அகப்பட்டால் அதுவே நாம் தேடிய கோளாறு என்று கொள்ளக்கூடாது போலும்.

அடுத்து எரிபொருள். டாங்கி மூடியின் காற்றுத் துளை திறந்திருந்தது. குழாயின் நடுவேயுள்ள ரப்பர்ப் பந்தை, எஞ்சின் அணையப்போகும் தறுவாயில், பெரியவர் பிசைந்துகொண்டே இருந்தார். பந்தைப் பிசைவதால் எஞ்சின் உயிர்பெற்றால், பம்பு சரிவர இழுக்கவில்லை என்று பொருள். இங்கு மாற்றமில்லை. ஆகவே பம்பு குற்றமற்றது.

மூன்றாம் நாள்தான் செய்ய வேண்டியதைச் செய்தோம். இது இரண்டு சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கார்புரேட்டர். மெல்ல ஓடிக்கொண்டிருக்கையில் மேல் பிளக்கின் வயரைக் கழற்றினோம், அணைந்தது. மறுபடியும் ஓடவிட்டுக் கீழ் பிளக்கின் வயரைக் கழற்றினோம். ஓசையில் இம்மியும் மாற்றமில்லை! அதாவது, கீழ்ச் சிலிண்டர் வேலையே செய்யவில்லை. ஒற்றைச் சிலிண்டரே மற்றதையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நியூட்டிரலுக்கு அது போதும்; கியருக்குப் போதாது. நாம் முதுமை என்று எண்ணிய நடுக்கம் இதுவே. (இச்சோதனையை வெறுங்கையால் செய்யற்க. காப்பிட்ட குறடு வேண்டும். கழற்றிய வயரின் முனையை எஞ்சின் உடலோடு தொடவைக்கவும் வேண்டும். இல்லையேல் மின்பொறி தரும் பகுதி பழுதாகலாம். குறடின் அருமையை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதைக் கோவில்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.)

இரு பிளக்குகளையும் இடம் மாற்றினோம். கீழ்ச் சிலிண்டரே உறங்கியது. அங்கே மின்பொறி நன்றாகத் தெறித்தது. அழுத்தமானி கடன் வாங்கி அளந்தோம். இரண்டிலும் அழுத்தம் ஏறக்குறைய சமம். ஆகவே கிராங்கையோ பிஸ்டனையோ பழிக்க இடமில்லை. கீழ்ப் பிளக்கு மட்டும் உலர்ந்து கிடந்தது. அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் வரவில்லை.

"வேகமா விட்டா குதிரை மாதிரி ஓடுமே சாமி?" என்று பெரியவர் கேட்டார். அக்கேள்வியிலேயே விடை இருந்தது. கார்புரேட்டரில் முழு வேகத்திற்கு ஒரு துளையும், மெல்லோட்டத்திற்கு அதனினும் நுண்ணிய வேறொரு துளையும் உள்ளன. பெருந்துளை திறந்திருந்து சிறுதுளை மட்டும் அடைபட்டால், வேகத்தில் இரு சிலிண்டரும் ஓடும். மெல்லோட்டத்தில் ஒன்று உறங்கும். எப்போது முதல் இப்படி என்று அப்போதுதான் கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். புனித வாரத்தில் வள்ளத்தைக் கரையேற்றியபின் இரண்டு வாரம் சும்மா கிடந்ததாம். அதற்குப் பிறகே கோளாறு. இவ்வகை எஞ்சினைப் பெட்ரோலில் எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். பெட்ரோல் விலைக்கு அஞ்சி, கடைசியில் மாற்றுவதைப் பெரியவர் சில மாதங்களாக விட்டுவிட்டார். ஆயில் கலந்த மண்ணெண்ணெய் கார்புரேட்டரிலேயே தங்கிப் பிசினாகிவிட்டது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயிலும் எரிபொருளோடுதான் வருகிறது. எரிபொருள் இல்லாத சிலிண்டருக்கு ஆயிலும் இல்லை. இப்படியே இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் மெக்கானிக் கூறியது மெய்யாகியிருக்கும்.

பித்தளைத் துளையைக் கம்பியால் குத்தினால் அகன்றுவிடும். பிறகு எப்போதும் சரிவராது. பெட்ரோலில் ஊறவைத்து, தங்கூஸ் நூல் ஒன்றை மெல்ல நுழைத்து, காற்றடித்தோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க, ஊசிமுனையளவு ஒளி தெரிந்தது.

இம்முறை பீப்பாயை நம்பவில்லை. வள்ளத்தைப் பொழிமுகத்திற்குக் கொண்டுசென்று, கரையிலுள்ள தென்னையோடு வடம் போட்டுக் கட்டி, ஓடும் நீரில் கியர் போட்டோம். வடம் விறைத்தது, எஞ்சின் ஓடியது. கால்மணி நேரம் ஓடவிட்டோம். இருவயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். இப்போது எதைக் கழற்றினாலும் ஓசை தாழ்ந்தது. நாம் கூட்டியிருந்த திருகாணியைப் பெரியவர்தாம் பழைய நிலைக்குத் தளர்த்தி, கியரில் ஓடும்போதே வேகத்தைச் சரிசெய்தார்.

பையனின் எலும்பு கூட ஆறு வாரமாயிற்று. அதுவரை அவனுடைய சித்தப்பா உடன் சென்றார். முதல் நாள் அவர்கள் திரும்பும் நேரத்தில் நாம் கடற்கரையில் நின்றோம். பையனின் தாயும் சற்றுத் தள்ளி நின்றாள். அலைக்கு அப்பால் வள்ளம் நெடுநேரம் காத்திருந்தது. எஞ்சினின் ஓசை சற்றே தாழ்ந்தது. கியர் விழுந்தது என்று அறிந்தோம். பிறகு அது எழும்பிற்று. வள்ளம் மணலில் ஏறியதும் அவள் நம் பக்கம் திரும்பிப் பாராமலே வீட்டிற்கு நடந்தாள். மாலையில் பையனின் தங்கை சாளை மீன் ஒரு சட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

திருப்புளியைப் பெரியவர் இன்னும் திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.