ஒரு முகவரி, ஓராயிரம் குடித்தனம்

உங்க வீட்டு கம்ப்யூட்டரோட ஐபி முகவரியைக் கொஞ்சம் பாருங்க. 192.168-னு ஆரம்பிக்குதா? என்னோடதும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரரோடதும் அநேகமா அப்படித்தான். ஆனாலும் நான் கேட்ட பக்கம் அவருக்குப் போறதில்லை. இதைச் செய்யற புண்ணியவான் பேரு நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன், சுருக்கமா நாட்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒண்ணைக் கற்பனை பண்ணிக்குங்க. நீங்க எழுதற கடிதத்துல அறை எண்ணை மேனேஜர் அடிச்சுட்டு, மேன்ஷன் முகவரியும் ஒரு டோக்கன் நம்பரும் போட்டு அனுப்பறார். எந்த டோக்கன் எந்த அறைன்னு நோட்டுல குறிச்சுக்கறார். பதில் வந்தா நோட்டைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பார். ரூட்டர் செய்யறதும் இதேதான். டோக்கனுக்குப் பதிலா போர்ட் எண். 192.168.1.5, போர்ட் 50000-ல கிளம்பின பாக்கெட், ரூட்டரோட பொது முகவரி, போர்ட் 40001-னு வேஷம் மாறி வெளியே போகும். கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லைன்னா நோட்டுல அந்த வரி போயிடும்.

சரி, டோக்கனே இல்லாம புதுசா ஒரு கடிதம் வந்தா? குப்பைத்தொட்டிதான். நீங்க வெளியே கூப்பிடலாம், உங்களை யாரும் கூப்பிட முடியாது.

எதுக்கு இந்தச் சுத்துவேலை? ஐபி நாலாம் பதிப்புல மொத்தமே சுமார் 429 கோடி முகவரிதான். 1994-ல எகேவாங், ஃபிரான்சிஸ்னு ரெண்டு பேர் ஆர்.எஃப்.சி. 1631-ல இதை எழுதினப்பவே, குறுகிய கால ஏற்பாடுன்னுதான் சொன்னாங்க. நம்மூர் தற்காலிகக் கொட்டகை கதைதான்! 2011 பிப்ரவரியில ஐயானா கையிருப்பும் தீர்ந்தது. இணைப்பு தர்ற கம்பெனிகள் தங்க பங்குக்கு இன்னொரு நாட்டை மேல வெச்சாங்க. அதாவது மேன்ஷனுக்குள்ள மேன்ஷன். அதுக்குன்னே 2012-ல 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் ஒதுக்கினாங்க.

எனக்கு இது உறைச்சது அம்மா விஷயத்துலதான். ஊர்ல தனியா இருக்காங்க. ரெண்டு தடவை மயங்கி விழுந்ததும் கூடத்துல ஒரு கேமரா வெச்சேன். இந்த போர்ட்டுக்கு வர்றதைக் கேமராவுக்குக் கொடுன்னு ரூட்டர்ல எழுதியும் வெச்சேன். சென்னையில இருந்து பார்த்தா ஒண்ணும் வரலை. ரூட்டருக்குள்ள போய்ப் பார்த்தா அதோட வெளி முகவரியே 100.72! நம்ம மேனேஜர்கிட்ட சொல்லி என்ன புண்ணியம், அவருக்கும் மேல இருக்கற மேனேஜரோட நோட்டுல எழுத எனக்கு உரிமை இல்லையே. போன் போட்டா, "சார், ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ங்கறாங்க. (இதுக்குத் தனிப் பதிவே போடலாம்.)

கடைசியில கேமரா கம்பெனியோட சர்வர்தான் கைகொடுத்தது. கேமரா உள்ளேயிருந்து அதைக் கூப்பிட்டு லைனைத் திறந்தே வெச்சிருக்கும். என் போனும் அதையே கூப்பிடும். வேலை நடக்குது. ஆனா அம்மா காய் நறுக்கறதை நான் பார்க்கணும்னா, அது முன்பின் தெரியாத யாரோட சர்வர் வழியாவோ வரணும். விஷயத்தை அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ நடுவுல யாருடா பாக்கறா?"ன்னு கேட்டாங்க.

ஐபி ஆறாம் பதிப்புல முகவரிப் பஞ்சமே கிடையாது, கேமராவுக்கே சொந்தமா ஒண்ணு கிடைக்கும். ஆனா அம்மா வீட்டு இணைப்புல அது இன்னும் வரலை. மாசாமாசம் தனியா பணம் கட்டறேன், பொது முகவரி ஒண்ணு கொடுங்கன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். அதுவரைக்கும் பகல்ல கேமரா மேல ஒரு துண்டு கிடக்குது. அம்மா ஏற்பாடு.