முட்டை ஓட்டுப் பொடி

எங்கள் வீட்டுக் குப்பை தெருவுக்குப் போவதேயில்லை என்று நான் பீற்றிக்கொண்டிருந்த காலம். பல்லடம் பக்கம் கொஞ்சம் நிலம். அதில் ஆசைப்பட்டு வைத்த எலுமிச்சைக் கன்றுகள். முட்டை ஓடுகளைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் அரைப்பேன். வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலித்து வைப்பேன். இரண்டையும் தூரில் தூவிவிட்டு, பெற்ற பிள்ளைக்குப் பவுடர் போட்டுவிட்டவள் மாதிரி நின்று ரசிப்பேன்.

கொழுந்துகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். தழைச்சத்துக் குறைவு என்று நானே முடிவுகட்டி யூரியா வைத்தேன். தழைச்சத்தில் குறை இருந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்து இப்படி வெளுப்பது இரும்புச்சத்துக் குறைவால். அது அப்போது யாருக்குத் தெரியும்? இன்னும் ஒரு பிடி சாம்பலும் சேர்த்துப் போட்டேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருநாள் வந்தவர், தூரைக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதென்ன வெள்ளையா?"

"முட்டை ஓடுங்க ஐயா. சத்து."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார். (சந்தையில் வாங்கியதுதான்.) நான் எதுவுமே போடாத வரப்போரத்திலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து, அதன்மேல் பிழிந்தார். நுரைத்தது. மீதிப் பாதியை என் பொடிமேல் பிழிந்தார். அதுவும் நுரைத்தது.

"காடே சுண்ணாம்புங்க" என்று சொல்லிவிட்டு, பிழிந்த தோலை என் கையில் கொடுத்தார்.

அவர் போன பிறகும் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட். சாம்பலும் காரம். அந்த மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. சுண்ணாம்பு மிகுந்து கார அமில நிலை (pH) எட்டைத் தாண்டிய மண்ணில் அது கரையாது, வேருக்கு எட்டாது. அதில் நான் மாய்ந்து மாய்ந்து சுண்ணாம்பு சேர்த்திருக்கிறேன்.

பாதிக் கன்றுகள் பட்டுப்போயின. மீந்தவற்றுக்கு இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளித்தேன். தெளித்த இலை தேறியது. அடுத்த கொழுந்து மறுபடி வெளுத்தது. உப்பை மண்ணில் தனியாகப் போட்டால் சுண்ணாம்பு அதையும் முடக்கிவிடும். இப்போது சாணம், சருகு, கடலைத்தோல், காய்கறிக் கழிவு எல்லாம் குழிக்குப் போகின்றன. நன்றாக மக்கிய எருவில் அன்னபேதியைக் கலந்துவைத்து, பிறகு வேரருகே இடுகிறேன். மக்கும்போது உண்டாகும் அமிலங்கள் இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும். அவசரப்பட்டு அரைகுறையாக மக்கியதைப் போட்டு, இருந்த தழைச்சத்தையும் நுண்ணுயிர்களுக்குத் தாரைவார்த்த கதை தனி.

எரு போட்டாலும் சுண்ணாம்பு எங்கும் போய்விடாது. வருஷா வருஷம் போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

முட்டை ஓடு அரைக்கும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. தங்கை கோத்தகிரியில் காய்கறி வைத்திருக்கிறாள். அங்கே அமில மண். சுண்ணாம்பைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். டப்பா நிறைந்ததும் அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.